அறிக்கை யாருக்காக?

நம் சங்கங்களில் ஆண்டறிக்கை வாசிக்கும் நேரத்தில்தான் பாதிப் பேர் டீ குடிக்க எழுந்து போகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. "மேற்படி விஷயம் தொடர்பாகத் தக்க நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன" என்று பத்து நிமிடம் வாசித்தால் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்? என்ன விஷயம், யார் எடுத்த நடவடிக்கை, எவ்வளவு செலவு, எதுவும் அதில் இல்லை.

நான் டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்தவன். தமிழ்ப் புலமை கிடையாது. ஆனால் ரயில்வேயில் 'காஷன் ஆர்டர்' என்று ஒரு தாள் உண்டு. வண்டி ஓட்டுபவர் கையில் கொடுப்பது. எந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவில், எந்தக் கிலோமீட்டர் முதல் எதுவரை, என்ன வேகம், என்ன காரணம். அவ்வளவுதான். வாளையாறுக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் இடையே யானை கடக்கும் காட்டில் "வேகத்தைப் பொருத்தமாகக் குறைத்துக்கொள்வது நலம்" என்று எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும், யோசியுங்கள். நான் படித்த அறிக்கைகளில் அந்தத் தாளைவிட நல்ல உரைநடை இல்லை.

பெரிய படிப்புப் படித்தவர்கள் தெளிவாக எழுதுவார்கள் என்பதற்கும் உத்தரவாதமில்லை. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் கிளம்பியபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. ஆபத்து உண்டா என்று பொறியாளர்கள் நாசாவுக்கு விளக்கத் தாள்கள் தயாரித்தார்கள். ஒரு தாளின் தலைப்பு தைரியம் சொல்வதுபோல் இருந்தது. விஷயம் கிடந்ததோ கடைசி வரியில். துண்டு 1920 கன அங்குலம்; சோதனை செய்து பார்த்திருந்தது 3 கன அங்குலத்தில். 640 மடங்கு! பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் மாண்டார்கள். விசாரணைக் குழு அந்தத் தாளையே எடுத்துப் போட்டுக் குறை கூறியது. தாள் தெளிவாக இருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. முடிவெடுப்பவர் கண்ணில் அந்த 640 முதலில் பட்டிருக்க வேண்டும் என்கிறேன்.

நம் பக்கத்துக்கு வருவோம். 2015 செப்டம்பரில் மூணாறில் நம் தேயிலைத் தோட்டப் பெண்கள், தொழிற்சங்கங்களையே ஒதுக்கிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். கம்பெனி அறிவித்த போனஸ் 10 சதவீதம். அவர்கள் கேட்டது 20. லாபம் குறைந்துவிட்டது என்றது கம்பெனி. ஒன்பது நாள் போராடிய பிறகு 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை, ஆக 20 என்று முடிந்தது. இந்த 8.33 எங்கிருந்து வந்தது? 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டம் வைத்த குறைந்தபட்சம் அது. ஆண்டுக் கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதக் கூலி. கொழுந்து கிள்ளும் அக்காவிடம் "ஒரு மாதக் கூலி" என்றால் அடுத்த நிமிடமே கணக்குப் போட்டுவிடுவார். 8.33 என்றால் யாரோ எங்கோ போட்ட கணக்கு. அதுவும் 2005-ல் தொழிலாளர்களையே பங்குதாரர்களாகச் சேர்த்துத் தொடங்கிய கம்பெனி! கிலோ தேயிலை என்ன விலைக்குப் போயிற்று, செலவு என்ன, மீதி என்ன என்று ஒரே தாளில் தமிழில் கேட்க அவர்களுக்கு உரிமையில்லையா? அதனால் போராட்டமே வந்திராது என்பதல்ல. கூலியும் லயத்து வாழ்க்கையும் தெரிந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். ஆனால் சண்டை எதற்கு என்பதாவது இரு தரப்புக்கும் ஒன்றாக விளங்கியிருக்கும்.

தமிழில் எழுதினால் அலுவலகத்தில் வாங்குவார்களா என்று சிலர் தயங்குகிறார்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழில் எழுத இடம் தருகிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். ஆகவே "சமூகம் அவர்களுக்கு, பல்லாண்டு காலமாக" என்று ஆரம்பிக்காமல், எத்தனை வீடு, எத்தனை நாளாகத் தண்ணீர் இல்லை, எந்தப் பம்பு பழுது என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

சங்கப் பொருளாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பொதுக்குழுவில் வரவு, செலவு, கையிருப்பு மூன்றையும் முதலில் வாசித்துவிடுங்கள். நன்றி சொல்ல வேண்டிய பெயர்களை டீ வந்த பிறகு வாசிக்கலாம்.