ஜாமீன் கையெழுத்தை நம்பி ஒரு மேனேஜர்

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில் எனக்கு ஃபுட்பால் பற்றி ஒன்றும் தெரியாது. எங்க பிராஞ்சில் மதியச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள அதுதான். இப்போ நானும் கட்சி கட்டுகிறேன் :-)

கடன் கொடுத்துப் பழகியவன் கண்ணுக்கு 2013 மான்செஸ்டர் யுனைடெட் கதை இப்படித்தான் படுகிறது. 13 லீக் பட்டம் வாங்கிக் கொடுத்த ஃபெர்குசன் ஓய்வு பெறுகிறார். போர்ட்டோ, இன்டர் இரண்டுக்கும் சாம்பியன்ஸ் லீக் ஜெயித்துத் தந்த மொரீன்யோ அதே கோடையில் மாட்ரிடை விட்டுக் கிளம்புகிறார். ஃபெர்குசன் கைகாட்டியதோ மோயஸை. எவர்ட்டனில் 11 வருஷம், ஒரு கோப்பைகூட இல்லை. (கையிலிருந்த காசுக்கு நன்றாகவே நடத்தினார், அது வேறு.) 6 வருஷ ஒப்பந்தம் போட்டு, 10 மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். ஜாமீன்தாரர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், கடன் வாங்குகிறவர் கணக்கைப் பார்க்க வேண்டாமா?

2024-ல் லிவர்பூலில், பழைய ஆட்டக்காரர் என்ற பாசத்தில் ரசிகர்கள் சாபி அலோன்சோவைக் கேட்டார்கள். அவர் லெவர்குசனிலேயே இருந்துவிட்டார். ஹாலந்தில் ஃபெயனூர்டுக்கு லீக் ஜெயித்துத் தந்த ஸ்லாட்டைப் பிடித்தார்கள். முதல் சீசனிலேயே பட்டம்!

பக்கத்து சீட் பெங்காலி தாதா ஒத்துக்கொள்ளவில்லை. ஃபெர்குசன் சொன்னால் சரியாகத்தான் இருக்குமாம். நாளை மதியம் பார்த்துக்கொள்கிறேன்.