வஸ்வாஸ்காரரின் கேள்விக்கு மூன்றாவது தடவை பதில் சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நமது ஊர்களில் எந்தப் பள்ளிவாசலுக்குப் போனாலும் ஹவுளடியில் இப்படி ஒருவரைக் காணலாம். இகாமத் சொல்லும்போது முகம் கழுவத் தொடங்கியிருப்பார். இமாம் ஸலாம் கொடுக்கும்போதும் கால் கழுவிக்கொண்டிருப்பார். கழுவின முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், பிறகு முதலிலிருந்து தொடங்குவார். பார்க்கிறவர்களில் பாதிப்பேர் சிரிப்பார்கள். மீதிப்பேர் "நல்ல பேணுதலான மனிசன்" என்பார்கள். இரண்டுமே அவருக்குச் செய்யும் அநியாயம்.

வஸ்வாஸ் என்ற சொல் நம் எல்லோருக்கும் தெரியும். தொழுகையில் மூன்றா நான்கா என்று மயங்காதவர் யார்? நாம் பேசுவது அந்தச் சாதாரணச் சந்தேகத்தைப் பற்றி அல்ல. ஒரு வுழுவுக்கு முக்கால் மணி நேரம், ஒரு குளிப்புக்கு இரண்டு மணி நேரம், தக்பீர் கட்டப் பத்துத் தடவை கை உயர்த்துவது. செய்கிறவருக்கே இது அதிகம் என்று தெரியும், ஆனாலும் விட முடியாது. இதைத்தான் வைத்தியர்கள் ஓ.சி.டி. என்கிறார்கள், தமிழில் எண்ணச் சுழற்சி நோய். விரும்பாத ஓர் எண்ணம் வந்து குத்தும், அந்தப் பயத்தை அடக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். உலகளவில் நூறு பேரில் இரண்டு பேர் வரை வாழ்நாளில் ஒரு காலத்தில் இதற்கு ஆளாகிறார்கள். பெரும்பாலும் பத்து வயதுக்கும் இருபதுகளின் தொடக்கத்துக்கும் இடையில்தான் தொடங்கும். அதாவது, பிள்ளைகள் எங்கள் வகுப்பறைகளில் இருக்கும் வயது.

அதனால் ஆசிரியர்களாகிய நாங்கள் இதை வேறு வடிவத்தில் காண்கிறோம். எழுதின வரியை அழித்து அழித்துத் தாளைக் கிழித்துவிடும் பிள்ளை. பதில் தெரிந்தும் முதலாம் கேள்வியைத் தாண்டாமல் வினாத்தாளைக் கொடுத்துவிட்டு அழும் பிள்ளை. கழிவறைக்குப் போனால் ஒரு பாடவேளை முடியும்வரை திரும்பாத பிள்ளை. "சோம்பேறி", "கள்ளம்" என்று ரிப்போர்ட்டில் எழுதுவது இலேசு. ஓ.எல். எடுக்கும் ஆண்டில் இப்படி ஒரு பிள்ளை பின்தங்கினால் அது பிள்ளையின் மூளைக் குறைவு அல்ல.

கழுவுவது மட்டும்தான் இந்த நோய் என்று நினைப்பதும் பிழை. காஸ் சிலிண்டரைப் பூட்டினேனா என்று இரவில் ஆறு தடவை எழும்பும் உம்மாமார் இருக்கிறார்கள். மனைவியோடு சாதாரணமாகப் பேசிய ஒரு வார்த்தையை நினைத்து, "அது தலாக் ஆகிவிட்டதோ" என்று மௌலவி மௌலவியாக அலையும் கணவன்மார் இருக்கிறார்கள். எல்லாவற்றிலும் கொடுமையானது, அல்லாஹ்வைப் பற்றியே வாயால் சொல்லமுடியாத எண்ணங்கள் வருவது. அந்த மனிதர் "ஈமான் போய்விட்டது" என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருப்பார், யாரிடமும் சொல்லமாட்டார். ஸஹாபாக்களில் சிலரே இப்படி ஓர் எண்ணம் வருவதாக நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் முறையிட்டதும், அதை வெளியில் சொல்ல அவர்கள் அஞ்சியதையே ஈமானின் அடையாளமாக நபியவர்கள் சொன்னதும் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இந்த ஒரு ஹதீஸ் ஜும்ஆ மேடையில் வருடத்துக்கு ஒரு தடவை சொல்லப்பட்டாலே எத்தனையோ பேர் அன்று இரவு நிம்மதியாகத் தூங்குவார்கள்.

இந்த நோய் எப்படி வளர்கிறது என்று விளங்கினால், நமது வீடுகளில் செய்யும் உதவி ஏன் உபத்திரவமாகிறது என்பதும் விளங்கும். சிரங்கைச் சொறிவது போலத்தான். சொறிந்தால் அந்த நேரத்துக்குச் சுகம், பிறகு கடி கூடும். கழுவினால் பயம் சற்றுத் தணியும். "கழுவினதால்தான் தப்பினோம்" என்று மூளை பழகிக்கொள்ளும். அடுத்த தடவை பயம் இன்னும் சீக்கிரம் வரும், கழுவுவதும் கூடும். "உம்மா, வுழு சரியா?" என்று மகள் கேட்க, "சரி மகள், சரி" என்று உம்மா நாற்பது தடவை சொல்வதும் ஒரு சொறிதல்தான். ஒரே மஸ்அலாவை ஒருவர் மூன்று மௌலவிமாரிடம் கேட்பதும், மூவரும் பொறுமையாக விளக்கம் சொல்வதும் அப்படித்தான். அறிவு போதாமல் அவர் கேட்கவில்லை. பல வேளைகளில் அந்த மஸ்அலாவில் மௌலவியைவிட அவருக்குத்தான் கூட விபரம் தெரியும்!

நமது மார்க்கம் இதற்கு வழி சொல்லாமல் விடவில்லை. தொழுகையில் காற்றுப் பிரிந்ததோ என்று சந்தேகம் வந்தால் சத்தம் கேட்கும்வரை அல்லது வாடை வரும்வரை தொழுகையை விடவேண்டாம் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ். உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. நபியவர்கள் ஒரு முத்து தண்ணீரில் வுழு செய்தார்கள், அது ஒரு லீற்றர் கூட வராது. நிய்யத்தைத் தக்பீரின் ஒவ்வோர் எழுத்தோடும் பொருத்தப் பார்த்துத் திணறுகிறவர்கள் நம் ஷாபிஈக்களில்தான் அதிகம். அதே மத்ஹபின் பெரிய இமாமான நவவியோ, பொது வழக்கில் சேர்ந்திருந்தால் போதும் என்ற கருத்தையே தெரிவுசெய்தார். வஸ்வாஸ்காரரின் தலாக் செல்லாது என்ற உக்பா இப்னு ஆமிர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் சொல்லை புகாரி இமாம் தலாக்குடைய பாடத்திலேயே சேர்த்திருக்கிறார்.

"வஸ்வாஸ் ஷைத்தானுடையது, அதற்கு எதற்கு டொக்டர்?" என்று கேட்பவர்கள் உண்டு. அஊது ஓதுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் பல்க் நகரத்து அபூ ஸைத் அல்-பல்கீ, கி.பி. 934இல் வபாத்தானவர், உடலினதும் உள்ளத்தினதும் நலம் பற்றி எழுதிய நூலில் கோபம், பயம், கவலை ஆகியவற்றோடு வஸ்வாஸையும் உள்ளத்தின் நோய்களில் ஒன்றாக வைத்து, அதற்குச் சிகிச்சையும் எழுதினார். 2015இல் ரானியா அவாத், ஸாரா அலி என்ற இரு ஆய்வாளர்கள் அவர் எழுதியதை இன்றைய மனநல வைத்தியத்தின் வரையறையோடு ஒப்பிட்டு, இரண்டும் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று காட்டினார்கள். ஆயிரம் வருடங்களுக்கு முந்திய நமது அறிஞர் நோய் என்றதை நாம் ஜின் என்று சொல்லி, ஓதிய தண்ணீரும் இஸ்முமாக இரண்டு மூன்று வருடங்களைக் கடத்துகிறோம். அதற்குள் பிள்ளை பாடசாலையை விட்டு நின்றுவிடுகிறது.

சிகிச்சை என்றதும் தூக்க மாத்திரை என்று பயப்பட வேண்டாம். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் நோயாளிகளைப் பயத்துக்கு முன்னால் நிறுத்தி, கழுவும் சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கினார். அந்த முறைதான் இன்று உலகம் முழுக்க முதல் சிகிச்சை. ஒரு தடவை மட்டும் கழுவுவது, பைப்பைப் பூட்டுவது, சந்தேகம் கத்தினாலும் அப்படியே போய்த் தக்பீர் கட்டுவது. பயம் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானாகவே இறங்கும். சிறியதிலிருந்து தொடங்கிப் படிப்படியாகச் செய்வார்கள். சந்தேகத்தைப் பொருட்படுத்தாதே என்ற நமது ஃபிக்ஹும் இதைத்தானே சொல்கிறது? தேவைப்பட்டால் செர்ட்ரலின், ஃப்ளுஒக்ஸெடின் போன்ற மருந்துகளும் கொடுப்பார்கள். இவை இரண்டு நாளில் வேலை செய்யா, பல கிழமைகள் எடுக்கும். "குடிச்சும் சுகமில்ல" என்று இரண்டாம் கிழமையில் நிறுத்துவதுதான் நம் ஊரில் நடப்பது. வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

மௌலவிமாரிடம் ஒரு கோரிக்கை. ஒருவர் ஒரே கேள்வியோடு மூன்றாவது தடவை வந்தால், பதிலைத் திருப்பிச் சொல்லாதீர்கள். "இதற்குப் பதில் சொல்லியாயிற்று, இது நோய், வைத்தியரிடம் போங்கள்" என்று அன்பாகச் சொல்லுங்கள். உங்கள் வாயால் வந்தால்தான் அவர் போவார், எங்கள் பேச்சை எடுக்கமாட்டார். வீட்டிலும் ஏசாமல், கேலி செய்யாமல், "நீ கேட்டது உனக்கே தெரியும் மகள்" என்று ஒரு தடவையோடு நிறுத்துங்கள். முதலில் அழுவாள், கோபப்படுவாள். வைத்தியரோடு பேசி, அவளுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும். திடீரென்று பைப்பைப் பூட்டுவது சிகிச்சை அல்ல.

கல்முனையில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. வெளிநோயாளர் பிரிவில் மனநல கிளினிக் எந்த நாள் என்று கேட்டால் சொல்வார்கள். அரச வைத்தியசாலையில் காசு இல்லை. ஆள் பார்த்துவிடும் என்று கூச்சமாக இருந்தால் முதலில் 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், தமிழிலும் பேசலாம். பிள்ளையின் வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். தவணைப் பரீட்சையில் எங்கே உட்காரவைப்பது, எப்படி நேரம் கொடுப்பது என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.