தளம் திறக்கவில்லை என்று பிள்ளையை ஏசாதீர்கள்



சென்ற வாரம் எமது வகுப்புப் பிள்ளையொருத்தி இரவு எட்டரை மணிக்கு அழுதுகொண்டே கோல் எடுத்தாள். ஒரு கற்கைநெறிக்கு ஒன்லைனில் விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். நள்ளிரவோடு முடிகிறது. பின்னேரத்திலிருந்து தளம் திறக்கவில்லை. ரவுட்டரை மூன்று தடவை அணைத்துப் போட்டாயிற்று. "இவ்வளவு நாளும் என்ன செய்தாய்?" என்று வாப்பா ஏசிவிட்டாராம். பக்கத்து வீட்டு ராத்தாவின் போனில், வேறு கம்பனி டேட்டாவில் போட்டுப் பார்க்கச் சொன்னோம். உடனே திறந்தது. பத்து மணிக்கு முன் விண்ணப்பம் போய்விட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

அதற்கிடையில் ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஓடியதை என்னவென்று சொல்வது! தளத்தை ஹேக் பண்ணிவிட்டார்கள், வேண்டுமென்றே மூடிவிட்டார்கள், எங்கட பிள்ளைகள் விண்ணப்பிக்கக் கூடாதென்று செய்த வேலை. இப்படிச் சந்தேகம் வருவதற்கு எமக்குக் காரணம் இல்லாமலில்லை. 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் வைபரையும் அரசாங்கம் தடுத்தது. 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் மறுபடியும் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. ஆனால் நாட்டுக்கே போடும் தடை எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவாகத்தான் வரும். ஒரு லைனில் திறந்து மற்ற லைனில் திறக்காவிட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பாதையை.

காத்தான்குடியிலிருந்து கொழும்புக்கு முதல் தடவை போகும் ஒருவர், கையில் வரைபடம் இல்லாமல் சந்திக்குச் சந்தி கடைகளில் விசாரித்துப் போகிறார் என்று வையுங்கள். ஓட்டமாவடியில் பொலன்னறுவைப் பக்கம் கையைக் காட்டுவார்கள். ஹபரணையில் தம்புள்ளைப் பக்கம். ஹபரணைக் கடைக்காரர் பிழையாகக் கையைக் காட்டினால் ஆள் திருகோணமலையில் நிற்பார். இணையமும் இப்படித்தான் ஓடுகிறது. ஒவ்வொரு வலையமைப்பும் பக்கத்து வலையமைப்புக்கு "இந்த முகவரிக்கு என் வழியாகப் போகலாம்" என்று அறிவிக்கும். பக்கத்தவர் பெரும்பாலும் நம்பிவிடுவார். இதற்குப் பெயர் பிஜிபி. இன்னுமொன்று, திரும்பி வரும் வழி வேறாக இருக்கலாம். எமது கோரிக்கை தளத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கும். எமக்குத் தெரிவது திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம்தான்.

2008 பெப்ரவரி 24ஆம் திகதி நடந்ததைப் பாருங்கள். யூடியூபைத் தடுக்கும்படி பாகிஸ்தானில் உத்தரவு வந்தது. பாகிஸ்தான் டெலிகொம் நிறுவனம் யூடியூபின் முகவரிகளில் 256ஐ எடுத்து, "இவற்றுக்கு வழி இங்கேதான்" என்று அறிவித்தது. தன் நாட்டுக்குள் நிற்க வேண்டிய அறிவிப்பு, ஹொங்கொங்கின் பிசிசிடபிள்யூ ஊடாக உலகமெங்கும் போய்விட்டது. யூடியூப் அறிவித்திருந்தது 1024 முகவரிகள் கொண்ட பெரிய தொகுதி. "கொழும்பு" என்று ஒரு பலகையும் "கொழும்பு, மருதானை" என்று இன்னொரு பலகையும் இருந்தால் மருதானைக்குப் போகிறவர் இரண்டாவதைத்தானே பின்தொடர்வார்? ரவுட்டர்களும் அதையே செய்தன. ஒரு நாட்டுக்குள் போட நினைத்த பூட்டு, உலகின் பெரும் பகுதிக்குச் சுமார் இரண்டு மணித்தியாலம் யூடியூபைப் பூட்டியது.

2021 ஒக்டோபர் 4ஆம் திகதி இரவு பலருக்கு ஞாபகமிருக்கும். கொரோனாவால் பாடசாலைகள் மூடியிருந்த நேரம், பாடங்களை வட்ஸ்அப்பில்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒன்பது மணி தாண்டியதும் வட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டகிராம் எல்லாம் நின்றன. டேட்டா முடிந்துவிட்டதென்று நாமும் ரீலோட் போட்டோம்! நடந்தது என்னவென்றால், பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு பிழையான கட்டளை பேஸ்புக்கின் தரவு நிலையங்களுக்கிடையிலான இணைப்பைத் துண்டித்தது. அதனால் அவர்களின் பெயர்ச் சேவையகங்கள் தம் பாதை அறிவிப்புகளைத் தாமே விலக்கிக்கொண்டன. தூரத்திலிருந்து திருத்தும் கருவிகளும் அதே இணைப்பில் இருந்ததால் ஆட்களை நேரிலேயே அனுப்ப வேண்டியதாயிற்று. சுமார் ஆறு மணித்தியாலம் போனது. ஹேக்கும் இல்லை, சதியும் இல்லை.

ஆகவே பெற்றோரே, தளம் திறக்காவிட்டால் முதலில் வேறு கம்பனி டேட்டாவில் போட்டுப் பாருங்கள். அதில் திறந்தால் வேலையை அதிலேயே முடியுங்கள். பிறகு, திறக்காத லைனில் நேரம் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். கம்பனிக்குக் கோல் எடுத்தால் "ரவுட்டரை ஓப் பண்ணி ஓன் பண்ணுங்க" என்பார்கள். "மற்ற லைனில் திறக்கிறது, உங்களுடையதில் மட்டும் திறக்கவில்லை" என்று சொல்லுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். கொம்பியூட்டர் தெரிந்த பிள்ளையென்றால் டிரேஸ்ரூட் எடுத்து அனுப்பலாம். அதில் நட்சத்திரக் குறி வந்த இடம்தான் உடைந்த இடம் என்று தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம், சில ரவுட்டர்கள் நன்றாக இருந்தாலும் பதில் சொல்லாது. விபிஎன் போட்டால் சில வேளை திறக்கும், அது வேறு பாதையால் போவதால். ஆனால் யாரென்றே தெரியாத இலவச விபிஎன்னைப் போட்டுக்கொண்டு அடையாள அட்டை இலக்கத்தையும் பாஸ்வேர்டையும் கொடுப்பதை நாம் விரும்பவில்லை.

இதெல்லாம் நாம் செய்யக்கூடியது. ஒன்லைனில் மட்டும்தான் விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு பொறுப்பும் இல்லையா? முன்பு பதிவுத் தபாலில் அனுப்பினால் கையில் ஒரு துண்டாவது இருந்தது. இப்போது தளத்துக்கே போய்ச் சேராத பிள்ளையின் முயற்சிக்கு அவர்களிடம் ஒரு பதிவும் இருக்காது. "மற்றவர்கள் விண்ணப்பித்தார்களே" என்பார்கள். மற்றவர்கள் வேறு பாதையால் வந்தவர்கள். இப்படியான முறைப்பாடு சான்றோடு வந்தால் ஒரு நாளாவது நீட்டித்துக் கொடுக்க வேண்டும், அல்லது நேரில் கொண்டுவந்து கொடுக்க ஒரு இடமாவது வைக்க வேண்டும். இதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் எழுதிக் கேட்கப் போகிறோம். ஊரவர்களிடம் இப்படியான ஸ்கிரீன்ஷொட்கள் இருந்தால் எமக்கு அனுப்புங்கள்.

அந்தப் பிள்ளையின் வீட்டு லைனைப் பற்றியும் முறைப்பாடு செய்தோம். மூன்றாம் நாள் தளம் தானாகத் திறந்தது. என்ன நடந்ததென்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.