பீரங்கியின் பருமனும் பயத்தின் பருமனும்

கெட்டிக்காரப் பேர்வழியை ‘எம்டன்’ என்று சொல்லும் வழக்கம் நமது அன்னூர்ப் பக்கத்திலும் உண்டு. கடலையே கண்டிராத பாட்டிமார்கூட அந்தச் சொல்லை அறிவார்கள். 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு, ‘எம்டன்’ என்னும் ஜெர்மன் குரூஸர் கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்று நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசிற்று. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன, சிலர் மாண்டனர். ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் பட்டணத்தை விட்டு ஓடினர்.

இவ்வளவு அமளி செய்த பீரங்கியின் வாய் எவ்வளவு அகலம்? பத்தரை சென்டிமீட்டர்தான்! குண்டின் எடை சுமார் 17 கிலோ. நமது பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்புப் பையன் ஒருவன் தூக்கிவிடுவான்.

அக்காலத்தில் புதுச்சேரியை ஆண்டுகொண்டிருந்த பிரெஞ்சுக்காரரின் யுத்தக் கப்பல்களோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்போம். அவர்களுடைய ‘பிரெத்தாஞ்’ 1913-ல் நீரில் இறக்கப்பட்டது. அதில் இரட்டை இரட்டையாகப் பத்துப் பெரும் பீரங்கிகள். ஒவ்வொன்றின் வாயும் 340 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றரைச் சாண். ஒரு குண்டின் எடை அரை டன்னுக்கு மேல். எம்டனின் குண்டுகள் முப்பதைச் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது.

ஆனால் இத்தகைய கப்பல்கள் சில எப்படி அழிந்தன என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். 1911 செப்டம்பர் 25-ல் தூலோன் துறைமுகத்தில் நின்ற ‘லிபர்த்தே’, தன் பீரங்கிகளுக்கென்று சேமித்த மருந்து கெட்டுத் தானே தீப்பற்றியதால் வெடித்தது. இருநூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 1915 மார்ச் 18-ல் டார்டனெல்ஸ் ஜலசந்தியில் ‘பூவே’ நீருக்கடியில் கிடந்த கண்ணியொன்றில் மோதி, இரண்டொரு நிமிஷத்தில் அறுநூறு பேருக்கு மேல் பலிகொண்டு மூழ்கிற்று.

‘பிரெத்தாஞ்’சின் கதி இன்னும் பரிதாபமானது. 1940 ஜூன் மாதம் பிரான்ஸ் ஜெர்மனியிடம் பணிந்தது. பிரெஞ்சுக் கப்பல்கள் பகைவன் கைக்குப் போய்விடுமோ என்று அஞ்சிய பிரிட்டன், ஜூலை 3-ந் தேதி அல்ஜீரியாவின் மெர்ஸ்-எல்-கெபீர் துறைமுகத்தில் அவற்றின்மீது சுட்டது. முந்தின மாதம் வரை தோழனாயிருந்தவன் சுட்ட குண்டினால் ‘பிரெத்தாஞ்’ சில நிமிஷங்களில் வெடித்துக் கவிழ்ந்தது. ஏறக்குறைய ஆயிரம் மாலுமிகள் அதனோடு போயினர். அந்தப் பத்துப் பீரங்கிகளும் அவர்களைக் காக்கவில்லை.

கடற்படையே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நெடுங்கரையுள்ள சுதந்திர நாட்டுக்குக் காவல் அவசியம். ஆயினும் காவல் என்பது பீரங்கியின் பருமனில் மட்டும் இல்லை. மருந்தறையைச் சோதிப்பவனின் கவனத்திலும், கண்ணியைத் தேடுபவனின் பொறுமையிலும், தோழமையைப் பேணும் ராஜதந்திரத்திலும் அது இருக்கிறது. எம்டன் வந்த அன்று யுத்தம் தொடங்கி ஏழு வாரமாகியும், சென்னைத் துறைமுகத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவற்றை அணைக்கப் பெரிய பீரங்கி எதுவும் தேவைப்பட்டிராது.