சவேரியாரின் கரமும் நம்மவர் கண்ணும்

ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலே கிராணி உத்தியோகம் பார்க்கும் நாம், கத்தோலிக்கத் தோழர்களை ஒன்று கேட்கிறோம். மரித்தபின் கண்ணைக் கொடுங்கள் என்றால், “உத்தான நாளில் குருடராய் எழும்புவதோ?” என்கிறீர்களே, இதை எந்தப் பாப்பரசர் போதித்தார்? பன்னிரண்டாம் பத்திநாதர் 1956-லேயே, பிரேதத்தின் கருவிழிப் படலத்தை எடுத்துப் பார்வையற்றவனுக்குப் பொருத்துவது குற்றமன்று, ஆனால் கட்டாயம் கூடாது என்று சொல்லிவிட்டார். இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 2000-இல் உறுப்புத் தானத்தை அன்பின் செய்கையென்றே புகழ்ந்தார்; விற்பனையைத்தான் கண்டித்தார்.

பாப்பரசர் தூரத்திலிருப்பவர் என்பீர்களாயின், முத்துக்குளித்துறைத் தமிழருக்கு ஞானஸ்நானங் கொடுத்த சவேரியாரைப் பாருங்கள். 1553-இல் நம் மலாக்காவிலே புதைக்கப்பட்ட அச்சரீரம் பின்னர் கோவாவுக்குப் போயிற்று. 1614-இல் வலக்கரத்தை முழங்கையோடு அறுத்து உரோமைக்கு அனுப்பினார்கள். இன்றும் அங்கே அதை வணங்குகிறார்கள். அவர் முடவராய் எழும்புவாரென்று சொல்ல எவருக்கேனும் துணிவுண்டா?

இந்நாட்டில் ஒருவர் கையொப்பமிட்டே மாண்டாலும், வீட்டார் மறுத்தால் வைத்தியர் தொடுவதில்லை. சாவு வீட்டில் பெரியப்பாவின் ஒரு “வேண்டாம்” போதும். கண்ணோ சில மணி நேரமே தாங்கும். அந்நேரம் உபதேசியார் ஜெபமாலையோடு வாசலில்தான் நிற்கிறார்; இதைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.