புகார் இல்லை என்பது சான்றாகாது

பொன்முடிக்குச் செல்லும் வழியில் உள்ள கல்லாற்றுக்கு அண்மையில், விதுராவில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. பல மாநிலங்களின் பிள்ளைகள் அங்கு படிக்கின்றனர். தோட்டத்திலும் கடையிலும் உழைத்து, மகனையோ மகளையோ இத்தகைய நிலையங்களுக்கு அனுப்ப விரும்பும் தமிழ்ப் பெற்றோரின் கேள்வி ஒன்றுதான்: அங்கே நம் பிள்ளையை மனிதனாக நடத்துவார்களா?

இக்கேள்வி அமெரிக்காவிலும் எழுந்தது. 2023 அக்டோபரில் காஸா போர் மூண்ட பின், அங்குள்ள பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்கள் மீதான வெறுப்பு பெரும் பிரச்சினையாயிற்று. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2024-ல் இரு குழுக்களை அமைத்தது. ஒன்று யூதர் வெறுப்பையும், மற்றது முஸ்லிம், அராபிய, பாலஸ்தீனிய மாணவர்களுக்கு எதிரான போக்கையும் ஆராய்ந்தன. 2025 ஏப்ரலில் இரு அறிக்கைகளும் வெளியாயின. மனத்தில் பட்டதைச் சொல்ல அஞ்சுவதாக இரு தரப்பு மாணவரும் கூறியிருந்தனர். ஒரு சாராரின் துயரைக் கேட்பதற்காக மறு சாராரின் வாயை அடைக்க வேண்டியதில்லை என்பதே இதிலுள்ள பாடம்.

நம் நாட்டில் இந்நோயின் பெயர் சாதி. தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தை ஆராய்ந்த தோரட் குழு, விடுதி அறைகளில்கூடப் பிரிவினை நிலவியதை 2007-ல் எடுத்துக்காட்டியது. 2012-ல் பல்கலைக்கழக மானியக்குழு விதிகள் வகுத்தது. ஆயினும் 2016-ல் ஐதராபாத்தில் ரோகித் வெமுலாவையும், 2019-ல் மும்பையில் டாக்டர் பாயல் தாட்வியையும் இழந்தோம். அவ்விருவரின் தாய்மார்களும் உச்சநீதிமன்றம் சென்றனர். 2026 ஜனவரியில் புதிய விதிகள் வந்தன. எதிர்ப்புக் கிளம்பவே, அதே மாதத்தில் நீதிமன்றம் அவற்றை நிறுத்தி வைத்தது.

படிப்பில் முன்னணியில் நிற்கும் கேரளமும் இதற்கு விலக்கல்ல. கோட்டயத்தில் கே.ஆர். நாராயணன் பெயரில் அமைந்த திரைப்பட நிறுவனத்தில், 2022 டிசம்பரில் மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். இட ஒதுக்கீடு மறுக்கப்பட்டது, துப்புரவுத் தொழிலாளர்கள் இயக்குநரின் வீட்டில் வேலை வாங்கப்பட்டனர் என்பன புகார்கள். இயக்குநர் அவற்றை மறுத்தார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. 2023 ஜனவரியில் அவர் பதவி விலகினார். ஏறத்தாழ ஐம்பது நாள் போராடிய பிறகே தீர்வு பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது.

"எங்களிடம் புகாரே வரவில்லை" என்று நிர்வாகங்கள் கூறுவது வழக்கம். மதிப்பெண் யார் கையில் இருக்கிறதோ அவரிடமே புகார் கொடுக்க எந்த மாணவன் துணிவான்? ஆகவே புகார்களை எண்ணுவது அளவுகோல் ஆகாது. ஆண்டுதோறும் பெயர் கேட்காமல் மாணவர் கருத்தைத் திரட்ட வேண்டும். வெளியார் இடம்பெற்ற குழு அதை ஆராய வேண்டும். முடிவை மறைக்காமல் வெளியிட வேண்டும். கட்டணம் எவ்வளவு என்று விசாரிக்கும் பெற்றோர், இந்த ஏற்பாடுகள் உண்டா என்றும் கல்லூரி அலுவலகத்தில் கேட்க வேண்டும். கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. பதில் சொல்லும் கடமை நிர்வாகத்துக்கு உண்டு.