அச்சுக்கு வைத்தியம் சொல்வோர் கவனத்திற்கு

முல்லைத்தீவுக் கரையோரக் கிராமமொன்றில், ஒரு வீட்டு முற்றத்தில், வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குண்டுகள் சுருக்கம் விழுந்தும் பாதி நிரம்பாமலும் வந்தன. கூடிநின்ற மூவரும் மூன்று வைத்தியம் சொன்னார்கள். அச்சு குளிர்ந்துவிட்டது, சூடாக்கு என்றார் ஒருவர். கசடை வழி என்றார் மற்றவர். ஈரம் இருந்தால் வெடித்துத் தெறிக்கும், அச்சை நன்றாகக் காயவை என்றார் மூன்றாமவர். எல்லாம் சரியான ஆலோசனைகளே.

ஆனால் சட்டியில் உருகியது பழைய வாகன பற்றரியை உடைத்தெடுத்த தகடு. அடுப்பு, குசினிக்கு நான்கு பாகம் தள்ளி. வழித்தெறிந்த கசடில் ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது. அதற்கு வைத்தியம் சொல்ல ஒருவருமில்லை. வாய்திறந்த எனக்குக் கிடைத்த பதில்: "எங்கட அப்பு காலத்திலயிருந்து உருக்கிறம் ஐயா, ஒருத்தரும் சாகேல்லை."

சாகவில்லைதான். ஈயம் பெரும்பாலும் சத்தமின்றியே வேலை செய்யும். விழுங்கிய ஈயத்தை வளர்ந்தவரைவிடக் குழந்தையின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். அது எலும்பில் போய்க் குந்திக்கொள்ளும், மூளையை மந்தமாக்கும். பள்ளிக்கூடத்திலோ 'படிப்பு ஏறாத பிள்ளை' என்று பெயர் வைத்துவிடுவார்கள். பாதுகாப்பான அளவென ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொன்றதும் உண்டு. செனகலில், டக்கார் அருகே தியாரோய் சுர் மேர் என்ற கடற்கரை ஊரில், 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் ஐந்து வயதுக்குட்பட்ட 18 குழந்தைகள் இறந்தனர். காரணம், இதே பழைய பற்றரி ஈயம்.

பொருளாதாரத் தடைக்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். அந்தக் கெட்டித்தனத்தைப் புகழ்ந்து நானே பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். அன்று வேறு வழியிருக்கவில்லை. இன்று வார்த்த குண்டு கடையில் கிடைக்கிறது, விலைதான் எட்டவில்லை.

2009 இற்குப் பின் வலை கொடுத்தோம், படகு கொடுத்தோம் என்று படம்பிடித்துப் போட்டவர்களைக் கேட்கிறேன், புலம்பெயர்ந்த என் நண்பர்களையும் சேர்த்துத்தான்: அந்த வலைக்கு ஈயம் யார் கொடுப்பது? கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் மொத்தமாக வாங்கி அடக்கவிலைக்குக் கொடுக்கலாமே! வார்த்தே தீரவேண்டுமென்றால் குடிமனைக்கு அப்பால் ஒரு திறந்த கொட்டில் போதாதா? பற்றரி உடைப்பது முற்றாக நிற்கவேண்டும். உருக்கியவர் உடுப்பு மாற்றிக் குளிக்காமல் பிள்ளையைத் தூக்கவே கூடாது.

சிறிய தூண்டில் ஈயங்களைப் பிரித்தானியா 1987 இலேயே தடைசெய்தது. எதற்காகத் தெரியுமா? அன்னப்பறவைகள் விழுங்கிச் சாகின்றன என்று!

அச்சு சரிவந்துவிட்டதாக அந்தத் தம்பி நேற்றுத் தொலைபேசியில் மகிழ்ச்சியோடு சொன்னார். அடுப்பை மாற்றினீரா என்று கேட்டேன். மழை முடியட்டும் என்றார்.